ஆறு புள்ளிகளும் ஒரு கடிதமும்

(யூபிலி விழாவின் மாலைக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



யூபிலிக் கூட்டத்தில் பங்குச் சாமியார் பேச எழுந்தால் என்ன பேசுவார் என்பது உங்களுக்கு நன்றாகத் தெரியும். கோவில் கட்டிய கதை, மணிக்கூண்டுக்குக் கல் சுமந்தவர்களின் கதை, ஆற்றில் வெள்ளம் வந்த வருஷத்துக் கதை. அவற்றையெல்லாம் எனக்கு முன் பேசிய பெரியவர்கள் என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார்கள். எனக்கென்று மிச்சம் வைத்திருப்பது அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில் உங்களுக்கு ஓர் எழுத்துமுறையைக் கற்றுக்கொடுக்கப் போகிறேன். பிரசங்கம் அல்ல, பாடம்.

இந்த மேசையின்மேல் வைத்திருக்கும் சாமான்களைப் பார்த்து முன்வரிசைப் பாட்டிமார் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. ஒரு பல்லாங்குழிப் பலகை, ஒரு கை புளியங்கொட்டை, போன வருஷத்து மாதக் காலண்டர் தாள், ஒரு பிளாஸ்டிக் சட்டம், மரப்பிடி போட்ட ஓர் ஊசி. எல்லாவற்றுக்கும் காரணம் உண்டு. ஒவ்வொன்றாகச் சொல்லுகிறேன்.

பிரெய்ல் என்னும் பெயரைக் கேள்விப்படாதவர்கள் இங்கே இருக்கலாம். ஆனால் அதைக் காணாதவர்கள் இருக்க முடியாது. தேர்தலில் ஓட்டுப் போடும் இயந்திரத்தில், நீலப் பொத்தானுக்குப் பக்கத்தில், மேடாகச் சில புள்ளிகள் இருக்கும். அது வேட்பாளரின் வரிசை எண். கண் தெரியாத ஒருவர் விரலால் தடவிப் பார்த்து, பிறர் துணையின்றித் தம் வாக்கைத் தாமே போடுவதற்காக வைத்தது. பிரெய்ல் முறையை உண்டாக்கியவர் பிறந்து இருநூறு ஆண்டு நிறைவுற்ற 2009ஆம் ஆண்டில் நம் அரசாங்கம் அவர் நினைவாக இரண்டு ரூபாய் நாணயமும் வெளியிட்டது. ஆகவே அந்தப் புள்ளிகள் நம் கைவழியே போய்வந்திருக்கின்றன. நாம்தான் அவற்றை எழுத்தாக எண்ணவில்லை.

நான் இதைப் பற்றிப் பேசக் காரணமாக இருந்தது ஒரு கடிதம். நம் மலைச்சரிவிலுள்ள குடியிருப்பு ஒன்றிலிருந்து ஒரு பெண்பிள்ளை சமவெளியிலுள்ள பார்வையற்றோர் பள்ளி ஒன்றில் தங்கிப் படிக்கிறாள். குடும்பம் எதுவென்று யாரும் ஆராய வேண்டாம். அவளுடைய தாய் ஒருநாள் ஒரு தடித்த தாளைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு பங்கு இல்லத்துக்கு வந்தார். “சாமி, எங்க பாப்பா எழுதின காயிதம். இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லுங்க” என்றார். தாளில் மை இல்லை, கோடு இல்லை. வெள்ளைத் தாளில் வெள்ளைப் புள்ளிகள். “இதுக்கு முந்தி வந்ததையெல்லாம் என்னம்மா செய்தீர்கள்?” என்று கேட்டேன். அரிசிப் பானைக்குப் பக்கத்திலுள்ள தகர டப்பாவில் பத்திரமாக வைத்திருப்பதாகச் சொன்னார். ஒன்றல்ல, இரண்டல்ல, பதினோரு கடிதங்கள். படிக்க ஆளில்லாமல் பதினோரு கடிதங்கள்!

இந்தக் காலத்தில் கடிதம் எதற்கு, தொலைபேசி இருக்கிறதே என்பீர்கள். அந்தப் பிள்ளையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் விடுதியிலிருந்து பேசத்தான் செய்கிறாள். பின்னால் பத்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்க, பக்கத்தில் காப்பாளர் இருக்க, “நல்லா இருக்கேம்மா, சாப்பிட்டேம்மா” என்பதற்கு மேல் அந்த நேரத்தில் என்ன பேச முடியும்? மற்றதை அவள் எழுதினாள்.

எழுத்து அட்டவணை ஒன்றைத் தேடி வாங்கி, இரண்டு இரவு உட்கார்ந்து அக்கடிதத்தைப் படித்தேன். அதில் இருந்ததையெல்லாம் இங்கே சொல்ல எனக்கு உரிமையில்லை. தாயின் சம்மதத்தோடு ஒன்றை மட்டும் சொல்லுகிறேன். ஒரு மாதமாகப் பல் வலிப்பதாகவும், இரவில் தூக்கமில்லை என்றும், யாரிடமும் சொல்லக் கூச்சமாக இருப்பதாகவும் எழுதியிருந்தாள். கடிதம் வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. கடைசி வரியில், ‘நீங்கள் ஏன் பதில் எழுதுவதில்லை?’ என்று கேட்டிருந்தாள்.

மறுநாளே பள்ளிக்குச் சொல்லிப் பல்லைக் காட்டியாகிவிட்டது. ஆனால் அந்தத் தாய் என்னிடம் சொன்ன வார்த்தைதான் முக்கியம். “இனிமே எங்க வீட்டுக் காயிதத்தை நானே படிக்கணும் சாமி. அதுக்கு வழி சொல்லுங்க.” நம் பாட்டன் பூட்டன் காலத்தில் கங்காணி எழுதிய கடிதத்தையும், பட்டாளத்திலிருந்து மகன் எழுதிய கடிதத்தையும் தபால்காரரோ வாத்தியாரோ படித்துச் சொல்லித்தான் வீடு அறிந்தது. வீட்டு இரகசியம் முழுவதும் தபால்காரருக்குத் தெரியும். அந்த நிலை மாற வேண்டும் என்றுதானே பள்ளிக்கூடங்கள் வந்தன? புள்ளிக் கடிதத்துக்கு மட்டும் இன்னும் சாமியார் வேண்டும் என்றால் அது சரியாகுமா?

பிரெய்ல் பார்வையற்றவர்கள் கற்க வேண்டியது, நமக்கு அதில் வேலையில்லை என்று எண்ணுகிறோம். எழுத்து என்றால் எழுதுகிறவர் ஒருவர், படிக்கிறவர் ஒருவர் என இருவர் வேண்டும். உச்சி நிலையத்தை நாம் எல்லோரும் அறிவோம். அந்த மலைமுகட்டுக்கு அப்பெயர் வந்தது கயிற்றுப் பாதையால். மூணாற்றுத் தேயிலையை உச்சியிலிருந்து கம்பிக் கயிற்றில் கீழே கொட்டகுடிக்கு அனுப்பி, அங்கிருந்து வண்டியில் போடிக்குக் கொண்டுபோனார்கள். உச்சியில் ஏற்றுகிறவன் இருந்தும் கீழே இறக்குகிறவன் இல்லையென்றால் பெட்டி கயிற்றிலேயே தொங்கும். அந்தப் பிள்ளையின் கடிதங்கள் அப்படித்தான் தொங்கிக்கொண்டிருந்தன.

இதே கவலை அந்த எழுத்தை உண்டாக்கியவருக்கும் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. லூயி பிரெய்ல் 1809ஆம் ஆண்டு ஜனவரி 4ஆம் நாள், பாரிஸ் நகருக்கு அருகே கூவ்ரே என்னும் சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் குதிரைச் சேணம் தைப்பவர். மூன்று வயதில், தகப்பனாரின் பட்டறையில் தோல் துளைக்கும் ஊசியை வைத்து விளையாடுகையில் அது கண்ணில் பாய்ந்தது. ஒரு கண்ணில் பட்ட புண் மறு கண்ணுக்கும் பரவியது. ஐந்து வயதுக்குள் இரண்டும் போயின. பிள்ளைக்கு எழுத்தின் வடிவம் தெரியட்டும் என்று தகப்பனார் பலகையில் ஆணிகளை அடித்து எழுத்துக்களை அமைத்துக் கொடுத்ததாகச் சொல்வார்கள். ஊர்ப் பங்குக் குருவான பல்லூயி என்பவர் அவனைக் கூப்பிட்டு உட்காரவைத்துப் பாடம் சொன்னார். பத்து வயதில், 1819இல், பாரிசிலுள்ள பார்வையற்றோர் பள்ளிக்கு அனுப்பப்பட்டான்.

அங்கே புத்தகம் இருந்தது. சாதாரண எழுத்துக்களையே தாளில் பெரிதாகப் புடைக்க அச்சடித்த, தூக்க முடியாத பெரிய புத்தகங்கள். ஓர் எழுத்தை முழுவதும் சுற்றித் தடவி ‘இது இன்ன எழுத்து’ என்று அறிவதற்குள் முந்திய எழுத்து மறந்துபோகும். அதைவிடப் பெரிய குறை, அவ்வெழுத்தை அந்தப் பிள்ளைகள் தாமாக எழுத வழியில்லை. படிக்கலாம், எழுத இயலாது. பீரங்கிப் படையில் இருந்த ஷார்ல் பார்பியே என்பவர் அமைத்த பன்னிரண்டு புள்ளி முறை ஒன்று 1821இல் அப்பள்ளிக்கு வந்தது. அதை ஊசியால் குத்தி எழுதலாம். ஆனால் பன்னிரண்டு புள்ளியும் ஒரே தொடுதலில் விரல்நுனிக்குள் அடங்காது. லூயி அதை ஆறாகக் குறைத்தார். அப்போது அவருக்கு வயது பதினைந்து. 1829இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். நம் ஆண்பிள்ளைகள் பதினைந்து வயதில் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. யூபிலி நாளில் சண்டை வேண்டாம்.

அவர் அதே பள்ளியில் ஆசிரியரானார். பாரிசிலுள்ள புனித நிக்கொலா ஆலயத்தில் ஆர்கன் வாசித்தார். ஆனால் அவருடைய எழுத்தை அப்பள்ளியே உடனே ஏற்கவில்லை. 1840க்குப் பின் சில ஆண்டுகள் தடைகூட இருந்தது. பார்க்கிறவர்களால் படிக்க முடியாத எழுத்து பார்வையற்றவர்களை மற்றவர்களிடமிருந்து பிரித்துவிடும் என்றார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் படுகிறது. ஆனால் அதற்கு மருந்து எழுத்தைத் தடுப்பதல்ல. லூயி அதற்கும் ஒரு வழி தேடினார். பிள்ளைகள் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டுமே என்று, சாதாரண எழுத்தின் உருவத்தையே புள்ளிகளால் குத்தி எழுதும் வேறொரு முறையை 1839இல் வெளியிட்டார். அம்மா அப்பா கண்ணால் பார்த்துப் படித்துக்கொள்ளலாம். பியேர் பூக்கோ என்ற பார்வையற்ற நண்பர் அதற்கு ஓர் இயந்திரமும் செய்து கொடுத்தார். பார்வையற்ற பிள்ளை மட்டுமே பாடுபட்டுப் பார்க்கிறவர்களின் எழுத்துக்கு வந்து சேர வேண்டியிருந்தது. பார்க்கிறவர்கள் ஓரடி எடுத்து வைக்கவில்லை. 1852 ஜனவரி 6ஆம் நாள், காசநோயால், நாற்பத்து மூன்றாவது வயதில் லூயி இறந்தார். அவருடைய ஆறு புள்ளி எழுத்தை அப்பள்ளி முறைப்படி ஏற்றது 1854இல்.

நம் நாட்டுக்கு அது வந்தபோது ஒரு குழப்பம். தமிழ்நாட்டில் பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் என்னும் மிஷனரிப் பெண்மணி 1890இலேயே பார்வையற்ற பிள்ளைகளுக்குப் பாடம் தொடங்கினார். இப்படி ஆங்காங்கே பள்ளிகள் தோன்ற, ஒவ்வோரிடத்திலும் ஒவ்வொரு முறை. 1951இல்தான் இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக பாரதி பிரெய்ல் என்ற ஒரே அமைப்பு வந்தது. அதன்படி நம் ‘க’வும் இந்தியின் ‘க’வும் மலையாளத்தின் ‘க’வும் ஒரே புள்ளிகள். மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் படிக்கும் பிள்ளையும் இந்தப் பக்கம் படிக்கும் பிள்ளையும் அந்த எழுத்தை ஒரே மாதிரி தொடுகிறார்கள்.

இனிப் பாடம். பல்லாங்குழியை எடுங்கள். ஏழு ஏழாக இரண்டு வரிசை. அதை நெடுக்குவாட்டில் திருப்பி, குறுகிய பக்கம் உங்களைப் பார்க்கும்படி வையுங்கள். இப்போது இடப்புறம் ஒரு நெடுவரிசை, வலப்புறம் ஒரு நெடுவரிசை. மேலிருந்து மூன்று மூன்று குழிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இடப்புறம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்புறம் மேலிருந்து கீழாக 4, 5, 6. இதுதான் பிரெய்ல் கட்டம். நான்காவது குழிகளைக் காலியாக விட்டால், அதற்குக் கீழே உள்ள மூன்று மூன்று குழிகள் இன்னொரு கட்டம். நம் பாட்டிமாரின் பலகைக்குள் இரண்டு பிரெய்ல் எழுத்துக்கள் அளவெடுத்தாற்போல அடங்கியிருக்கின்றன பாருங்கள்! தாளில் கட்டங்கள் பக்கத்தில் பக்கத்தில் வரும், பலகையில் மேலும் கீழுமாக வருகின்றன; அதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லிவிட வேண்டும்.

முதல் குழியில் ஒரு புளியங்கொட்டை போடுங்கள். அது ‘அ’. 1, 3, 4 ஆகிய குழிகளில் போட்டால் ‘ம’. 3, 4, 5 என்றால் ‘ஆ’. 1, 2, 3 என்று இடப்புறம் முழுவதும் போட்டால் ‘ல’. 4ஆம் குழியில் மட்டும் ஒன்று போட்டால் அது மெய்யெழுத்தின் தலையிலுள்ள புள்ளி. பிரெய்லில் அது எழுத்துக்கு முன்னால் வரும். ஆகவே ‘அம்மா’ என்று எழுத ஐந்து கட்டம்: அ, புள்ளி, ம, ம, ஆ. ‘ஏலம்’ என்று எழுத நான்கு கட்டம்: 1, 5 சேர்ந்து ‘ஏ’, பிறகு ல, பிறகு புள்ளி, பிறகு ம. நம் பிழைப்பையே எழுதிவிட்டோம்.

தமிழுக்கு 247 எழுத்தாயிற்றே, எப்படி மனத்தில் நிற்கும் என்று பயப்பட வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1. இவற்றோடு அந்தப் புள்ளியையும் சேர்த்து 32 வடிவங்களைக் கற்றால் தமிழ் முழுவதும் எழுதலாம். ‘கொ’ என்று அச்சில் எழுதும்போது முன்னால் ஒரு கொம்பு, பின்னால் ஒரு கால், நடுவில் க. முதல் வகுப்புப் பிள்ளைகள் படும் பாட்டை ஆசிரியைமார் அறிவார்கள். பிரெய்லில் க, அடுத்து ஒ. அவ்வளவுதான். ‘கை’ என்றால் க, அடுத்து ஐ. காதில் விழும் வரிசையிலேயே கையில் விழும். ஒரு நாளைக்கு ஐந்து எழுத்து என்று வைத்தால் ஒரு வாரம். குருமடத்தில் எபிரேய எழுத்துக்களோடு நான் பட்ட பாட்டை நினைத்தால் இது விளையாட்டு.

கண்ணுள்ளவர்கள் இதை விரலால் படிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே படிக்கலாம். ஒரு யோசனை மட்டும். விளக்கு நேர் மேலே இருந்தால் வெள்ளைப் புள்ளி தெரியாது. தாளைச் சன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்து, வெளிச்சம் சாய்ந்து விழும்படி பாருங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். ஏலக்காயைச் சல்லடையில் போட்டு, பிறகு கையால் பொறுக்கித் தரம் பிரிக்கும் நம் தாய்மாருக்கு இதெல்லாம் பெரிய வேலையே அல்ல.

எழுதுவதற்கு வருவோம். இதோ இந்தச் சட்டத்துக்குப் பிரெய்ல் சிலேட்டு என்று பெயர். கீல் போட்ட இரண்டு தகடுகள். கீழ்த் தகட்டில் ஆறாறு சிறு குழிகள். மேல் தகட்டில் அவற்றுக்கு நேராகச் சன்னல்கள். நடுவில் தாளை வைத்து மூடி, ஊசியால் அழுத்தினால், தாள் குழிக்குள் பதிந்து மறுபுறம் மேடாகிறது. இந்த ஊசிக்கு ஆங்கிலத்தில் என்னவோ பெயர். நாம் எழுத்தாணி என்றே சொல்லுவோம். பனையோலையில் எழுதிய இனத்துக்கு எழுத்தாணி புதிதா?

புள்ளி மறுபுறம் எழுவதால், எழுதும்போது வலமிருந்து இடமாக எழுத வேண்டும். தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகப் படிக்க வேண்டும். எழுத்தும் கண்ணாடியில் பார்த்ததுபோலத் திரும்பும். மறந்து நேராகக் குத்திவிட்டால் வேடிக்கை நடக்கும். ‘ஏ’ திரும்பினால் ‘இ’. ‘ஓ’ திரும்பினால் ‘ஔ’. ‘ல’ திரும்பினால் ‘ள’. ‘ழ’ திரும்பினால் ‘ட’. ‘மழை’ என்று எழுத வந்தவன் நடு எழுத்தைத் திருப்பிப் போட்டால் அது ‘மடை’ ஆகிவிடும். ‘அவள்’ ‘அவல்’ ஆகிவிடுவாள். இதற்காகத்தான் நல்ல ஆசிரியர்கள் பிள்ளைகளிடம் இடம், வலம் என்று சொல்லாமல், ‘முதல் பக்கம், இரண்டாம் பக்கம்’ என்று சொல்லிப் பழக்குகிறார்கள். எழுதினாலும் படித்தாலும் கை முதலில் போய்ச் சேரும் பக்கம் முதல் பக்கம்.

கணக்குக்கு வேறு சட்டம். டெய்லர் சட்டம் என்று பெயர். டெய்லர் என்னும் ஆங்கிலேயப் போதகர் ஒருவர் அமைத்தது. எட்டு மூலைத் துவாரங்களில் சிறு ஈயக் கட்டைகளைத் திருப்பித் திருப்பிச் செருகி, கூட்டல் கழித்தல் எல்லாம் வரிசையாகப் போடலாம். மணிச்சட்டமும் உண்டு. எழுதும்போது எண்ணுக்கு முன்னால் 3, 4, 5, 6 என்ற அடையாளம் வரும். அதே புள்ளிகள்தான் தமிழில் ‘ண’. ‘எண்’ என்ற சொல்லின் கடைசி எழுத்தே எண்ணுக்கு அடையாளமாக அமைந்தது தற்செயல்தான், ஆனாலும் ஞாபகம் வைக்க எத்தனை வசதி!

பணம் இருந்தால் இயந்திரமும் உண்டு. அமெரிக்காவில் பெர்கின்ஸ் பள்ளியில் மரவேலை ஆசிரியராக இருந்த டேவிட் ஆபிரகாம் வடிவமைத்த தட்டச்சு இயந்திரம் 1951இல் வெளிவந்தது. ஆறு புள்ளிக்கு ஆறு விசை. வேண்டிய விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் ஓர் எழுத்து. வலமிருந்து இடம் என்ற தொல்லை இல்லை. புள்ளி மேலேயே எழும். எழுதிய உடனே தடவிப் படிக்கலாம். ஏறக்குறைய ஐந்து கிலோ இரும்பு. நம் தமிழ்நாட்டிலேயே, காட்பாடியில் வொர்த் டிரஸ்ட் என்னும் நிறுவனத்தில் இந்த இயந்திரம் தயாராகியிருக்கிறது. தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்குப் பிழைப்பு உண்டாக்க 1960களில் தொடங்கிய பட்டறை அது. ஊர் ஒதுக்கிய கைகள், கண் தெரியாதவர்களின் கைகளுக்கு எழுத்துக் கருவி செய்து கொடுத்தன. நான் நூறு பிரசங்கம் வைத்தாலும் இதற்கு ஈடாகாது. ஆனால் விலை நம் குடும்பங்களுக்கு எட்டாது. அது பள்ளியில் இருக்கட்டும்; வீட்டுக்குச் சிலேட்டு போதும்.

இளைஞர்கள் கைபேசியை நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள், தெரிகிறது. நல்ல கருவிதான். எழுதியதைப் படித்துக் காட்டுகிறது, சொன்னதை எழுதுகிறது, திரையையே ஆறு விசையாக்கிப் பிரெய்லில் தட்டவும் வழி வந்துவிட்டது. புள்ளிகள் தாமே எழுந்தும் அமர்ந்தும் வரி வரியாக மாறும் மின்கருவிகளும் வந்திருக்கின்றன. பெங்களூரில் இளைஞர்கள் சிலர் சேர்ந்து ஆனி என்ற கருவியைச் செய்திருக்கிறார்கள். பிள்ளை தானே பிரெய்ல் பழக அது குரல்கொடுத்துச் சொல்லித் தருகிறது. இவை எல்லாம் பெருகட்டும். ஆனால் காதால் மட்டும் கல்வி கற்ற பிள்ளை ‘அரை’க்கும் ‘அறை’க்கும் என்ன வித்தியாசம் என்று எப்படி அறியும்? தந்நகரமும் றன்னகரமும் காதுக்கு ஒன்றேதான். ‘ழ’வை நம் ஊரில் எத்தனை பேர் ‘ழ’வாகச் சொல்கிறோம்? எழுத்தை விரல் தொட்டால்தான் அது பிள்ளைக்குச் சொந்தமாகும். அன்றியும் மலைமேல் ஏறினால் கைபேசிக்குக் கோபுரம் கிடைப்பதில்லை, மழைக்காலத்தில் மின்சாரமும் நிலையில்லை. சிலேட்டுக்கு இரண்டும் வேண்டாம்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. பிள்ளைக்குப் பார்வை குறைவு என்று தோன்றினால் முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை 1985 முதல் இருக்கிறது. கண்ணில் பூ விழுந்தது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். சில கண்கள் சிகிச்சையால் தேறும். தேறாது என்று மருத்துவர் சொல்லிவிட்டால், அடுத்த நாளே எழுத்தைத் தொடங்க வேண்டும். விடியுமுன் ஜீப்பில் ஏறித் தோட்டத்துக்குப் போய் இருட்டியபின் திரும்பும் குடும்பங்களில், அப்படிப்பட்ட பிள்ளை பாட்டியோடு திண்ணையில் உட்கார்ந்தே வளர்ந்துவிடுகிறது. எட்டு வயது, பத்து வயது ஆகியும் விரலுக்கு ஒரு வேலையும் பழகாமல் இருக்கிறது. பல்லாங்குழியும் புளியங்கொட்டையும் பாட்டிக்குக் கைவந்த கலை. பள்ளிக்கு அனுப்பும் முன்பே ‘அ’னா, ‘ஆ’வன்னாவைப் பாட்டியே கற்றுக்கொடுத்துவிடலாம்.

அடுத்தது தேனியிலுள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம். அடையாள அட்டைக்கும் உதவிக் கருவிகளுக்கும் அங்கே மனுக் கொடுக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி, பெருமளவு குறைபாடு என்று சான்று பெற்ற பிள்ளைக்கு 6 வயதிலிருந்து 18 வயதுவரை இலவசக் கல்வி உரிமை. அது கெஞ்சிக் கேட்பதல்ல, கேட்டு வாங்குவது. மதுரைக்கு அருகே சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. அதை 1985இல் தொடங்கிய ஜின்னா அவர்களே பார்வையற்றவர். அங்கே போய்வர ஒருநாள் கூலி போகும் என்று தயங்குகிறவர்கள் என்னிடம் வாருங்கள். போடிக்கு 2023 முதல் மறுபடியும் ரயில் வந்துவிட்டது, நானும் கூட வருகிறேன்.

அந்தத் தாய் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். எட்டு நாளில் படிக்கக் கற்றார். தகர டப்பாவிலிருந்த பழைய கடிதங்களை ஒவ்வொன்றாகத் தாமே படித்தார். எழுதுவதற்கு அவருக்கு இன்னும் நாளாகிறது. வலமிருந்து இடம் போவது கைக்கு வரவில்லை என்கிறார். முதல் பதில் மூன்று வரி. அதில் என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை. உறையின்மேல் விலாசத்தை மட்டும் என்னைக் கொண்டு எழுதுவித்தார்.

பங்கு இல்லத்தில் நான்கு சிலேட்டும் நான்கு எழுத்தாணியும் வாங்கி வைத்திருக்கிறோம். எழுத்து அட்டவணை இம்மலரைத் தருமிடத்தில் தனித் தாளாகக் கிடைக்கும், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் ஒரு மணி நேரம், மறைக்கல்வி வகுப்பு நடக்கும் அறையில் கற்றுக்கொடுக்கிறேன். கற்க வருகிறவர் வீட்டில் பார்வையற்றவர் இருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் ஆசிரியைமாரும், தோட்ட ஸ்டோரில் கணக்கு எழுதுகிறவர்களும், தபால் கொண்டுவருகிறவரும் வந்தால் எனக்கு மகிழ்ச்சி.

தாளுக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். மாதக் காலண்டர் தாள் நல்ல தடிமன். புள்ளி உடையாமல் நிற்கும். டிசம்பர் முடிந்ததும் சுவரிலிருந்து கழற்றி அடுப்புக்குப் போடாமல், மடிக்காமல், சுருட்டிக் கொண்டுவந்து கொடுங்கள். மடித்தால் மடிப்பில் ஒரு வரி வீணாகும். நாள்காட்டியின் சின்னத் தாள் வேண்டாம், அது கிழிந்துவிடும்.

எழுத்தாணிகளை உபதேசியாரிடம் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் கொண்டுபோகிறவர்கள் வேலை முடிந்ததும் டப்பாவில் போட்டு உயரமான இடத்தில் வையுங்கள். தவழும் பிள்ளை, மூன்று வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டில் அதைப் பாயில் போட்டுவிட்டு எழுந்து போகக் கூடாது.